கடைசி வீட்டுச் சாப்பாடு

டிசம்பர் பிறந்தால் எங்கள் சர்ச்சில் கேரல் ரவுண்ட்ஸ் தொடங்கிவிடும். பாடகர் குழு வேன் பிடித்து, செம்பாக்கத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரை வீடு வீடாகப் போய்ப் பாடும். கடைசியாகப் போகும் வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு. பல வருடங்களாக அந்தக் கடைசி வீடு எங்கள் வீடுதான்.

அதாவது, எல்லோரும் ஊர் ஊராகப் பாடிக்கொண்டிருக்கும்போது நான் அடுப்படியில் இருப்பேன். எனக்கோ பாட ஆசை. கல்லூரி நாட்களில் குழுவில் ஆல்டோ, அதாவது பெண்களின் கீழ்க்குரல், பாடியவள். எங்கள் வாசலுக்கு வரும்போது எல்லோருக்கும் தொண்டை கட்டியிருக்கும். ஒரே ஒரு பாட்டை அவசரமாக முடித்துவிட்டுத் தட்டை எடுப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் வாய் மட்டும் சிரித்துக்கொண்டே, "சமைக்கிறதுதான் எனக்குச் சந்தோஷம்" என்று சொல்லும். உள்ளேயும் ஒரு பல்லவி ஓடும்: நாம செய்யலன்னா யார் செய்வா?

நான் தமிழ் நடத்தும் பள்ளியில் சக ஆசிரியை ஒருத்தி, "உள்ளுக்குள்ள பேசுறத மாத்துங்க மிஸ், லைஃபே மாறிடும்" என்றாள். தினமும் கண்ணாடியைப் பார்த்து 'நான் அருமையானவள்' என்று சொல்ல வேண்டுமாம். சொல்லிப் பார்த்தேன். குக்கர் விசில் அடிக்கும் நேரத்தில் யார் அருமையானவளாக இருந்தால் என்ன? விட்டுவிட்டேன்.

ஆனால் போன நவம்பரில் அந்தப் பல்லவி உள்ளே ஓடியபோது, எரிச்சலில் பதில் சொல்லிவிட்டேன்: யாராவது செய்வாங்க. இல்லன்னா பரோட்டா வாங்கிச் சாப்பிடுவாங்க. இவ்வளவு சுலபமான பதிலை இத்தனை வருடம் சொல்லாமல் இருந்திருக்கிறேனே என்று இன்னும் எரிச்சல் வந்தது.

சில நாட்களில் குழுவை நடத்தும் தம்பி போன் செய்தார். "அக்கா, வழக்கம்போல கடைசி வீடு உங்களுதுதானே?"

"சரிப்பா" என்று சொல்ல நாக்கு தானாகவே புறப்பட்டது. பல்லைக் கடித்து நிறுத்தினேன். "இல்லப்பா. இந்த வருஷம் நான் பாட வரேன். சாப்பாட வேற வீட்ல வச்சுக்குங்க."

முறைத்துக்கொள்வார் என்று சண்டைக்குத் தயாராக நின்றேன்.

"அப்பாடா" என்றார். "ஆல்டோவுக்கு ஆள் இல்லாம வருஷா வருஷம் பேஜாரா கீதுக்கா. ஞாயித்துக்கெழம நீங்க பின்னாடி பெஞ்சுல பாடுறது எங்களுக்குக் கேக்கும். நீங்கதான் சமைக்கிறதுதான் சந்தோஷம்னு சொல்லுவீங்களே, அதான் கூப்பிடல."

நுணலும் தன் வாயால் கெடும் என்று வகுப்பில் எத்தனை முறை நடத்தியிருப்பேன். கோபப்பட வேறு ஆள்கூடக் கிடைக்கவில்லை.

"அது பொய்ப்பா" என்றேன். "பிராக்டிஸ் எத்தன மணிக்கு?"