மேலே ஏறிப் போன ஒரு வரி

திரையில் மேலே ஏறி மறையும் எழுத்தெல்லாம் கம்ப்யூட்டருக்குள் எங்கோ பத்திரமாக இருக்கும், வேண்டும்போது இழுத்துக்கொள்ளலாம் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷம் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்த்துப் பிழைப்பவன் நம்பக்கூடிய விஷயமா இது?

அரியலூர்ப் பக்கம், சுண்ணாம்புக்கல் லாரிகளை ஏற்றி எடை பார்க்கும் ஒரு எடைமேடை. அங்கிருந்த கம்ப்யூட்டர் மௌஸ் இல்லாத பழைய ரகம். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மட்டும் ஓடும். காலையிலிருந்து எடை போடும் புரோகிராம் திறக்கவில்லையாம். பெரம்பலூரில் பஸ் ஏறும்போதே எடைமேடை முதலாளி போனில் சொல்லிவிட்டார், மதியத்துக்குள் ஓடாவிட்டால் திருச்சி ஆளைக் கூப்பிட்டுக்கொள்வதாக. அதோடு எனக்கு அந்த இடம் போச்சு.

கீபோர்டைத் தொட்டதும் குமட்டியது. சுண்ணாம்புத் தூசியும் சிந்திய டீயும் பசையாகி, ஒவ்வொரு பட்டனும் விரலை விட மறுத்தது. சுவரில் இடுப்பு உயரத்துக்குப் பாக்கு எச்சில். மேசைக்கடியில் எலி மூத்திர நாற்றம்.

ஆன் செய்தேன். வரிகள் சரசரவென்று ஓடின. கோளாறைச் சொல்லும் வரியும் அந்த ஓட்டத்தில் மேலே போய்விட்டது. நான் கவலையே படவில்லை. ஷிஃப்டோடு பேஜ்-அப் அழுத்தினால் திரும்பி வந்துவிடும். அதற்குமுன் அங்கே எடை போடும் பெண்ணிடம் கொஞ்சம் வித்தை காட்டலாமே என்று ஆல்ட்டோடு எஃப்-2 அழுத்தினேன்.

"இது ரெண்டாவது திரைம்மா. ஒரே பொட்டிக்குள்ள ஆறு பொட்டி."

"மொதப் பொட்டிய ஓட வைங்க சார்."

முதல் திரைக்குத் திரும்பினேன். பேஜ்-அப். ஒன்றும் அசையவில்லை. பட்டன் ஒட்டிக்கொண்டது என்று நகத்தால் நெம்பினால், உள்ளே கரப்பான் கால். உவ்வே! கைக்குட்டையால் துடைத்துவிட்டு இன்னும் இருபது தடவை குத்தினேன். வேர்த்துக் கொட்டியது. முகத்தை அழுந்தத் துடைத்த பிறகுதான், அது கீபோர்டைத் துடைத்த அதே கைக்குட்டை என்று உறைத்தது.

ஜன்னலில் ஒரு லாரி டிரைவரின் தலை. "என்னா சார், சாமி வந்த மாதிரி ஆடுறீங்க? ஓடுமா, இல்ல நாங்க சாப்புட்டு வந்துரவா?"

"அஞ்சே நிமிஷம்ங்க."

"வந்ததுலேருந்து இதத்தான சொல்றீங்க!"

அந்தப் பெண் செல்போனை எடுத்தார். "ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணுங்க சார். அதே வரிதான மறுபடி ஓடும்? நான் வீடியோ எடுத்துக்கிறேன்."

நடந்தது இதுதான். மேலே போன வரிகளை அந்தக் கம்ப்யூட்டர், நாம் அதே திரையில் நிற்கும்வரைதான் வைத்திருக்கும். நான் வித்தை காட்டத் திரை மாற்றியதுமே அவற்றை விட்டுவிட்டது. வீடியோவை நிறுத்தி அந்த வரியைப் படித்தோம். எடைமேடையிலிருந்து தகவல் வரவில்லை என்றது. மேசைக்கடியில் எலிப் புழுக்கைக்கு நடுவே வயர் கழன்று கிடந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு மாட்டினேன். மதியத்துக்கு முன் முதல் லாரி மேடை ஏறியது. முதலாளி திருச்சிக்குப் போன் போடவில்லை.