மஞ்சள் காரும் இருபது மாமாவும்

என் மாமாவுக்கு எங்கள் பக்கத்தில் 'இருபது' என்று பட்டப்பெயர். அம்மாவின் தம்பி. பத்தொன்பது வருடங்களாக ஆஸ்பத்திரியின் சவ வண்டியை ஓட்டுகிறார். பின்னால் ஆட்கள் நடந்து வந்தால் வண்டியும் நடக்கும். அவர்கள் வண்டிகளில் வந்தால் இருபது கிலோமீட்டர் வேகம். அதற்கு மேல் முள் ஏறியதில்லை. பிரேக் பிடிப்பதில் அவருக்கென்று ஒரு பக்குவம் உண்டு. வண்டி நிற்கப்போகும் கடைசி நொடியில் காலை மயிரிழை தளர்த்துவார். உள்ளே இருப்பவர்களுக்கு வண்டி நின்றதே தெரியாது.

"தூங்குறவரை எழுப்பிடக் கூடாதுல்ல," என்பார்.

வயது நாற்பத்தேழு. கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால், "பொண்ணு பாக்க எந்த வண்டில போறது?" என்று அவரே முந்திக்கொண்டு சிரிப்பார். எங்கள் வீட்டு மாடி அறையில் இருக்கிறார். வேலை முடிந்து வந்ததும் வெள்ளைச் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டுத்தான் எங்களிடம் பேசுவார். எனக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தது அவர். பள்ளியில் என்னைக் கொண்டுபோய் விட்டதும் அவர்தான், ஆனால் நடந்தே.

பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு அடுத்து என்ன என்று தெரியாமல் நான் திரிந்துகொண்டிருந்த நேரம் அது. ஒரு ஜிம்மில் வரவேற்பு மேசை வேலை கிடைத்தது. ஒரு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரமாக வைத்துக்கொள்வதாக முதலாளி சொல்லியிருந்தார். அவரும் சின்ன வயதுக்காரர்தான். கண்ணாடிச் சுவர், பாட்டு, பளபளவென்று ஆட்கள். அங்கே நான் வேறு யாரோபோல இருந்தேன். அந்த வேறு யாரோவை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

முதலாளியிடம் மஞ்சள் நிறத்தில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. இரண்டே கதவுகள். பதினான்கு வருடப் பழசு. மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடியது. அதை விற்கப்போவதாக ஒருநாள் சொன்னார். அன்று சாயங்காலம் சும்மா பேச்சுக்குத்தான் மாமாவிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்தினார்.

"மூணு லட்சம் கிலோமீட்டரா? சர்வீஸ் புத்தகம் இருக்குதாமா?"

அம்மா கரண்டியோடு திரும்பினாள். "ஏன்டா, இந்த வயசுல உனக்கு மஞ்சக் காரு கேக்குதா?"

"வயசானவனுக்கு வயசான காரு. பொருத்தம் சரியாத்தானே இருக்கு அக்கா?"

அம்மா சிரித்துவிட்டாள். மாமா மட்டும் சிரிக்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பத்தொம்பது வருஷமா ஓட்டுறேன். என் வண்டில யாரும் ஆசைப்பட்டு ஏறினதில்ல. ஒருத்தராவது சிரிச்சுக்கிட்டு ஏறி உக்காரணும். அவ்வளவுதான்."

பிறகு என்னைப் பார்த்து, "நீ ஏறுவியாடி?" என்றார்.

"ஏறாம? கண்ணாடியை இறக்கிட்டு கத்திக்கிட்டே வருவேன்," என்றேன். அப்போது மனதாரத்தான் சொன்னேன்.

ஆனால் மறுநாள் முதலாளியிடம் பேசும்போது என் வாயில் வந்தது இதுதான்: "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் காரைப் பாக்கணும்னு சொன்னாரு." மாமா என்று சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். நல்ல சட்டையாகப் போட்டு வரச் சொல்லியிருந்தேன். அவரிடம் நல்ல சட்டை என்றால் வேலைக்குப் போடும் வெள்ளைச் சட்டைதான், இஸ்திரி போட்டது. முதலாளி கைகொடுத்து "வாங்க சார்" என்றார்.

மாமா முதலில் காரைத் தொடவே இல்லை. குனிந்து அடியில் எண்ணெய் சொட்டியிருக்கிறதா என்று பார்த்தார். எஞ்சின் ஆறியிருக்கிறதா என்று பானெட்டில் கை வைத்துப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் கிளப்பச் சொன்னார். புகையின் நிறத்தைப் பார்த்தார். சர்வீஸ் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்தார்.

"எஞ்சின் பெல்ட் ரெண்டு லட்சம் கிலோமீட்டர்ல மாத்தியிருக்கீங்க. இப்ப மறுபடி மாத்தணும். மத்தபடி எஞ்சினை நல்லா வச்சிருக்கீங்க தம்பி. ஓடின வண்டிதான், ஆனா ஓட்டத் தெரிஞ்சவர் ஓட்டின வண்டி."

முதலாளிக்குப் பெருமை தாங்கவில்லை. "சார் விஷயம் தெரிஞ்சவர். ஓட்டிப் பாருங்க சார், அப்பத்தான் தெரியும்."

பின்சீட் என்பது பேருக்குத்தான். அதில் என்னை மடித்துத் திணித்தார்கள். முழங்கால் தாடையில் முட்டியது. முதலாளி பக்கத்து சீட்டில். மாமா ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

கார் கிளம்பியது. இருபதில்.

"மிதிங்க சார், இது மிரண்டு ஓடுற மாடு இல்ல," என்றார் முதலாளி.

"பழகட்டும் தம்பி."

முப்பது வந்தது. முப்பத்தைந்து வந்தது. மாமாவின் கழுத்து வியர்த்திருந்தது, ஆனால் கண்ணாடியில் தெரிந்த முகம் சின்னப் பையன் முகம்போல இருந்தது. பெரிய கடைவீதி முனையில் இடதுபக்கம் திரும்பினார். திரும்பியதும் வேகத்தைக் குறைத்து, நடுரோட்டில் அப்படியே நிறுத்திவிட்டார். நின்றதே தெரியாமல் நின்றது. பின்னால் ஹாரன்கள் அலறின. மாமா கண்ணாடியைப் பார்த்தபடி காத்திருந்தார்.

"என்ன சார், ஏன் நின்னுட்டீங்க?"

"பின்னால வர்றவங்க எல்லாரும் திரும்பிடட்டும்..." என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். திருப்பத்தில் கடைசி ஆள் திரும்பும்வரை நிற்பது அவர் வேலையின் வழக்கம். பத்தொன்பது வருடப் பழக்கம், கால் தானாகச் செய்துவிட்டது.

"யார் வர்றாங்க பின்னால?" முதலாளி திரும்பிப் பார்த்தார். நான்தான் இருந்தேன்.

மாமா காரை ஓரமாக எடுத்தார். "மன்னிச்சுக்கங்க தம்பி. நான் ஆஸ்பத்திரில சவ வண்டி ஓட்டுறேன். பழக்கம்."

முதலாளி ஒரு நொடி கதவோரமாக ஒதுங்கினார். அப்புறம் வாய்விட்டுச் சிரித்தார். "அட, அப்ப சீட்டை நல்லாத் துடைக்கணும் போல!" என்றார். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "உனக்கு இவரை எப்படிம்மா தெரியும்?"

அந்தக் கேள்விக்கும் என் பதிலுக்கும் நடுவில் நிறைய நேரம் இருந்தது. யோசிக்க நேரமில்லாமல் சொல்லிவிட்டேன் என்று எழுதினால் அது பொய்.

"எங்க தெருவுல இருக்கறவரு," என்றேன். சொன்னதோடு விட்டிருக்கலாம். முதலாளியோடு சேர்ந்து சிரித்தேன்.

கண்ணாடியில் மாமாவின் கண்கள் என்மேல் இருந்தன. அவற்றில் கோபத்தைத் தேடினேன், இல்லை. உடனே எனக்குத் துணைக்கு வந்தார்.

"ஆமா தம்பி, பக்கத்து வீட்டுப் பொண்ணு. கெட்டிக்காரி. வேலைல வச்சுக்கங்க, நல்லா செய்யும்."

அதன்பின் ஜிம் வாசல்வரை கார் சரியாக இருபதில் வந்தது. இரண்டு நாளில் சொல்வதாக முதலாளியிடம் சொல்லிவிட்டு மாமா தனியாக நடந்து போனார்.

அந்த இரண்டு நாளும் நான் அவர் கண்ணில் படாமல் சுற்றினேன். மூன்றாம் நாள் காலையில் அவர் போனில் பேசுவது மாடிப்படியில் எனக்குக் கேட்டது. "வேண்டாம் தம்பி. வண்டில குறை ஒண்ணும் இல்ல. நல்ல ஆளாப் பாத்துக் குடுங்க."

அம்மா விடவில்லை. "ராத்திரியெல்லாம் அதே பேச்சு பேசினியேடா, இப்ப என்ன வந்துச்சு?"

"பின்சீட்டுல ஆள் உக்கார முடியலக்கா. குறுகிக்கிட்டு உக்காரணும். பாக்கவே கஷ்டமா இருந்துச்சு."

அம்மாவுக்கு அது முழங்கால் விஷயம். எனக்கு அப்படி இல்லை.

வேலைக்கு நேரமாகிவிட்டது. ஆனால் நான் போனது ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கும் கொட்டகைக்கு. மாமா சவ வண்டியைக் கழுவி முடித்து டீசல் போடக் கிளம்பிக்கொண்டிருந்தார். உள்ளே யாரும் இல்லை. முன்கதவைத் திறந்து ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பினாயில் வாசனை. சிரித்துக்கொண்டே ஏறவேண்டும் என்றுதான் வழியெல்லாம் நினைத்து வந்தேன். சிரிப்பு வரவில்லை.

"மாமா, அன்னைக்கு நான்..."

"பெல்ட்டைப் போடு," என்றார்.

பெட்ரோல் பங்குக்குப் போகும் வழியில்தான் ஜிம் இருக்கிறது. கண்ணாடிச் சுவர் தூரத்தில் தெரிந்ததும் மாமா ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "வேணும்னா குனிஞ்சுக்கோ. நான் தப்பா நினைக்க மாட்டேன்."

நான் குனியவில்லை. நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தேன். வண்டி இருபதில் மெல்ல அந்தக் கண்ணாடிச் சுவரைத் தாண்டியது. உள்ளே எல்லோரும் முதுகு காட்டி நின்றிருந்தார்கள். யாரும் எங்களைப் பார்க்கவில்லை.

என் மனசு 'அப்பாடா' என்றது. மாமாவுக்குக் கேட்டிருக்காது. ஆனால் எனக்குக் கேட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.