பெரியவர் வந்திருக்கார்

இரண்டு வருடங்களுக்கு முன், அரையாண்டு விடுமுறையில் மசினகுடி பக்கம் காட்டை ஒட்டிய ஒரு விடுதியில் இரண்டு நாள் தங்கினோம். திருநின்றவூரை விட்டால் அம்பத்தூர் எஸ்டேட், அதை விட்டால் திருநின்றவூர் என்று ரயிலிலேயே காலம் தள்ளும் என் கணவருக்கு அது வெகுநாள் ஆசை. எனக்குப் பயம். நான்கு வயது மகளுக்காகக் காய்ச்சல் மருந்து, அட்டைப் பூச்சிக்கு உப்பு, இரண்டு டார்ச், கொசுவலை என்று ஒரு பை நிறையக் கட்டினேன்.

"இன்னாடி, காட்டுக்குப் போறோமா, ஆஸ்பத்திரில அட்மிட் ஆவப் போறோமா?" என்றார் கணவர்.

போய் இறங்கியதும் மேனேஜர் எல்லோரையும் உட்கார வைத்து விதிமுறைகள் சொன்னார். யானை வந்தால் அறையை விட்டு வெளியே வரக்கூடாது, போட்டோ எடுக்கக்கூடாது. மற்றவர்கள் தேநீர் குடித்துக்கொண்டிருக்க, நான் மட்டும் போனில் குறித்துக்கொண்டேன். அன்று இரவு சாப்பிடும்போது, விடுதி முதலாளியின் வயதான அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து தோட்டத்தைப் பார்ப்பார் என்றும் பேச்சுவாக்கில் சொன்னார்.

மறுநாள் ஞாயிறு. காலை ஏழு மணி இருக்கும். கணவர் குளித்துக்கொண்டிருந்தார். அங்கே செல்போன் எடுக்காது. அறையில் இருந்த போன் அடித்தது. சமையல் செய்யும் அக்கா பேசினார்.

"அக்கா, பெரியவர் வந்திருக்கார். அவர் போற வரைக்கும் இருங்க."

சரி என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் மனம் கேட்கவில்லை. முதலாளியின் அப்பா வந்திருக்கிறார், அவரைப் பார்க்காமல் கிளம்ப வேண்டாம் என்கிறார்கள். அவர் தேடி வரும்வரை நாம் உள்ளேயே உட்கார்ந்திருந்தால் மெட்ராஸ்காரர்களுக்கு மரியாதை தெரியாது என்று நினைக்கமாட்டாரா? நாமே போய்விடுவதுதான் சரி. மகளுக்கு முகம் கழுவி, தலைவாரி, நல்ல கவுன் மாட்டினேன். "பெரியவங்களைப் பார்த்தா என்ன சொல்லணும்?" என்று ஒருமுறை சொல்லிக்கூடப் பார்க்க வைத்தேன்.

வராந்தா படிகளில் இறங்கி மூங்கில் புதரைத் தாண்டித் திரும்பினோம்.

இரண்டு பஸ் நீளத் தூரம்கூட இருக்காது. ஒற்றைத் தந்தத்தோடு ஒரு யானை. புல்லைப் பிடுங்கிக் காலில் தட்டி மண் உதிர்த்து, நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. என் கையை உதறிவிட்டு மகள் இரண்டு கைகளையும் குவித்து, கணீரென்று சொன்னாள்: "வணக்கம் தாத்தா!"

யானையின் காதுகள் அசைவதை நிறுத்தின. எங்கள் பக்கம் திரும்பியது.

எதிரே சமையலறை ஜன்னலில் அந்த அக்கா. கத்தவில்லை. உப்பு போதுமா என்று கேட்பது போன்ற குரல்.

"அக்கா, ஓடாதீங்க. பாப்பாவைத் தூக்கிக்குங்க. அவரைப் பார்த்துக்கிட்டே பின்னால நடங்க."

தூக்கிக்கொண்டேன். பின்னால் ஓரடி வைத்தேன். அதே குரலில் அவர் யானையிடமும் பேச ஆரம்பித்தார்.

"ஒண்ணுமில்ல சாமி. புதுசா வந்தவங்க, தெரியாம வந்துட்டாங்க. நீங்க சாப்பிடுங்க."

அது எங்களையே பார்த்தபடி ஒருமுறை தலையை ஆட்டியது. பிறகு அடுத்த பிடிப் புல்லுக்குத் துதிக்கையை நீட்டியது. நான் எப்படிப் படியேறினேன், எப்படிக் கதவைச் சாத்தினேன் என்று இன்றைக்கும் நினைவில்லை. மகள் மட்டும், "தாத்தா ஏன்மா திருப்பி வணக்கம் சொல்லல?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அது காட்டுக்குள் போன பிறகு அந்த அக்கா ஓடிவந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "தப்பு என்னோடதுதாக்கா. நாங்க அதோட பேரைச் சொல்ல மாட்டோம், பெரியவர்னுதான் சொல்லுவோம். பழக்கத்துல உங்ககிட்டயும் அப்படியே சொல்லிட்டேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார்.

விவரம் தெரிந்து வெளிறிப்போன கணவர், கொஞ்ச நேரம் மகளை மடியை விட்டு இறக்கவே இல்லை. அப்புறம்தான் அவருக்கு வாய் வந்தது. "நல்லவேள, கால்ல உழுந்து கும்பிடுன்னு சொல்லாம உட்டியே!" நான் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் அழுதுவிட்டேன்.

மேனேஜரிடம் புகார் சொல்லலாமா என்று அவர் கேட்டபோது வேண்டாம் என்றேன். 'பெரியவர்' என்ற சொல் புரியாமல் போனது உண்மைதான். ஆனால் 'இருங்க' என்ற சொல் எனக்கு நன்றாகவே புரிந்தது. இருந்திருக்கலாம். பிள்ளையை எவ்வளவு நன்றாக வளர்த்திருக்கிறாள் என்று முன்பின் தெரியாத ஒரு பெரிய மனிதர் என்னைப் பற்றி நினைக்க வேண்டும், அந்த ஆசைதான் என்னைப் படியிறக்கியது. அத்தனை ஆபத்துகளுக்கும் பை கட்டிய எனக்கு அது ஓர் ஆபத்தாகத் தோன்றவே இல்லை.

இப்போதும் விசேஷ வீடுகளில் நான்கு பேர் நடுவே மகளை முன்னால் தள்ளக் கை போகும்போது ஒரு நொடி நின்றுவிடுகிறேன். இது அவளுக்காகவா, எனக்காகவா என்று என்னையே கேட்டுக்கொள்ள அந்த ஒரு நொடி தேவைப்படுகிறது.