அண்ணி நடந்த நாற்பத்தெட்டு நாள்

உத்திரமேரூர் பஜாரில் உரக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிற ஜிம்மில் இரண்டு வருடம் நான் மெஷின் துடைத்தேன். பெருக்குவது, துண்டு மடித்து வைப்பது, வருகிற பெண்களிடம் செருப்பை வெளியே விடச் சொல்வது, இவ்வளவுதான் வேலை. லேடீஸ் பேட்சுக்குச் சொல்லிக்கொடுத்த அக்கா கல்யாணமாகிப் போனதும் முதலாளி என்னைக் கூப்பிட்டார். "டிரெய்னர் சர்டிபிகேட் வாங்கிட்டு வா, பேட்சு உனக்கு. இல்லன்னா வெளில இருந்து ஆளப் போட்டுடுவேன்" என்றார். அந்த வாரமே செங்கல்பட்டில் சனி, ஞாயிறு வகுப்பில் சேர்ந்துவிட்டேன். அந்த பேட்ச் எனக்கு வேண்டும். அதுவரை வாழ்க்கையில் வேறெதற்கும் நான் அப்படி ஆசைப்பட்டதில்லை.

படிப்பென்றாலே ஓடிப்போகிற எனக்கு அந்த வகுப்பு பிடித்துப்போனது. தசை வேலை செய்தால் ரத்தத்தில் இருக்கிற சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். பழகப் பழக இதயம் அதே வேலையைக் குறைந்த துடிப்பில் முடித்துவிடும். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். இதெல்லாம் மண்டையில் பச்சக்கென்று ஏறியது. பாதிப் புத்தகம் உடம்பு, மீதிப் பாதி மனசு. ஒருவரின் பழக்கத்தை மாற்ற வேண்டுமானால் உத்தரவு போடாதே, எது தடுக்கிறது என்று கேள் என்று அதில் இருந்தது. சிவப்புப் பேனாவால் கோடு போட்டு, வரி விடாமல் மனப்பாடம் செய்தேன். மனப்பாடம் செய்தால் போதும் என்றுதான் நினைத்திருந்தேன்.

தேர்வில் ஒரு செய்முறை உண்டு. யாராவது ஒருவரைப் பன்னிரண்டு வாரம் பயிற்சி செய்ய வைத்து, தினமும் குறித்து வந்து, கடைசியில் தேர்வாளர் முன்னால் நிறுத்த வேண்டும். நான் என் அண்ணியைப் பிடித்தேன். மானாம்பதியில் அண்ணன் குடும்பமும் நாங்களும் ஒரே வீடு. அண்ணி பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பதினெட்டு வருடமாகச் சத்துணவு சமைக்கிறாள். சுகர் விளிம்பில் நிற்கிறது, நடங்கள், இல்லையென்றால் மாத்திரைதான் என்று ஆஸ்பத்திரியில் அவளிடம் சொல்லியிருந்தார்கள்.

முதல் நாள் ஜிம் பலகையில் மூன்று நிமிடம் ஏறி இறங்க வைத்து நாடி எண்ணினேன். "இன்னா பாப்பா, கட்டி வச்ச மாடு மாரி ஒரே எடத்துல ஏறி எறங்கச் சொல்ற" என்றாள். வீட்டுக்கு நான்தான் கடைக்குட்டி, முப்பது வயதிலும் பாப்பாதான். திட்டம் எளிது. சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து பஸ்ஸில் வராமல் ஏரி வாய்க்கால் ஓரத்து ரோட்டில் அரை மணி நடந்து வர வேண்டும். வந்ததும் நோட்டில் ஒரு டிக் போட வேண்டும். சாயங்காலம் நான் ஜிம்மில் இருப்பேன் என்பதால் நோட்டைத்தான் நம்பினேன்.

மூன்று வாரம் முழுக்க டிக். மறுபடி பலகையில் ஏற்றினேன். நாடி ஒரு துளி குறையவில்லை. திரும்ப எண்ணினேன். அப்போதும் அதேதான். என் வாட்சைச் சந்தேகப்பட்டேன், நான் எண்ணுகிற அழகைச் சந்தேகப்பட்டேன், புத்தகத்தைக் கூடச் சந்தேகப்பட்டேன். அண்ணியைச் சந்தேகப்படத் தோன்றவில்லை.

அடுத்த நாள் ஜிம்மில் கரண்ட் போய், சீக்கிரமே வீட்டுக்குக் கிளம்பினேன். பஸ்ஸை விட்டு இறங்கினால் எதிரே ஒரு பைக் வருகிறது. பின்னால் அண்ணி ஒரு பக்கமாக உட்கார்ந்து, டிபன் கூடையை மடியில் வைத்துக்கொண்டு, வாயெல்லாம் பல்லாகப் பேசிக்கொண்டே போகிறாள். நான் வீடு போய்ச் சேர்வதற்குள் நோட்டில் டிக் விழுந்திருந்தது.

எனக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாது. சமையற்கட்டில் நின்று கத்தினேன். என்னை ஏமாற்றினாய், என் பொழைப்பில் மண்ணைப் போட்டாய், உனக்கு நல்லது சொன்னால் இப்படியா என்று ஒரு பாட்டம் கத்தித் தீர்த்தேன். அண்ணி நோட்டை எடுத்து என் கையில் வைத்தாள். "வேற ஆளப் பாத்துக்கோ பாப்பா" என்றாள். அதன்பின் ஒரு வாரம் எனக்கு வைக்கிற டீ டம்ளர் மட்டும் ணங்கென்று சத்தம் போட்டது.

வேறு ஆளைப் பிடிக்க நாள் இல்லை. தோற்றுப்போனேன் என்றே முடிவு செய்துவிட்டேன். ஞாயிறு வகுப்பில் புத்தகத்தைத் திறந்தால் என் சிவப்புக் கோடு என்னையே பார்த்து முறைத்தது. எது தடுக்கிறது என்று கேள். மூன்று வாரத்தில் ஒரு தடவையாவது கேட்டேனா? வெட்கமாகப் போய்விட்டது. அன்று வீட்டுக்கு வந்து, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"தப்புதான் அண்ணி. உன்ன நடக்க விடாம தடுக்குறது இன்னா?"

"சொன்னா உனுக்குப் புரியாது. நாளைக்கு நீயே என்கூட வந்து பாரு" என்றாள்.

போனேன். பள்ளிக்கூட கேட்டைத் தாண்டி நூறு அடி நடந்திருக்க மாட்டோம், ஒரு பைக் நின்றது. "ஏறுக்கா." அண்ணி நடந்து வருகிறேன் என்றாள். "ஏங்க்கா, வூட்ல இன்னா சண்டையா?" என்று கேட்டுவிட்டுப் போனான். அடுத்து ஒரு டிராக்டர். அடுத்து ஷேர் ஆட்டோ. பதினெட்டு வருடமாக இந்தச் சுற்று வட்டாரத்தில் பைக் ஓட்டுகிறவன் எல்லாம் அண்ணி கையால் சாப்பிட்டு வளர்ந்தவன். எவனும் அவளைத் தாண்டிப் போக மாட்டான். நாலாவதாக ஒருத்தன் நின்று, வேண்டாம் என்றதும் முகம் சுண்டிப்போய், "என் வண்டின்னா ஏற மாட்டியாக்கா?" என்றான். அதற்கு மேல் யாரால் முடியும். மூன்று பேராக வீடு வந்து சேர்ந்தோம், நான் நடுவில்.

"பாத்தியா? நானா ஏறுறேன்? ஏத்திக்கினு போறானுங்க" என்றாள் அண்ணி. இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் யோசித்தோம். ஏரிக்கரை மேல் நடக்கலாம் என்றேன். முள், பாம்பு என்றாள். வீட்டைச் சுற்றி நடக்கலாம் என்றேன். "பைத்தியம்னு மந்திரிக்க இட்டுக்கினு போவானுங்க" என்றாள். பிறகு அவளே மெல்லச் சொன்னாள். "வேண்டுதல்னு சொன்னா? வேண்டுதலுக்கு நடக்கறவள எவனும் வண்டில ஏத்த மாட்டான். அவனுக்கில்ல பாவம் வந்து சேரும்."

புத்தகத்தில் இது இல்லை. ஆனாலும் எழுந்து போய் அவளைக் கட்டிக்கொண்டேன்.

நாற்பத்தெட்டு நாள் என்று முடிவானது. வீட்டுக்கு வருகிற வழியில், மதகு பக்கத்து அம்மன் கோயிலை ஒரு சுற்று சுற்றிவிட்டு வர வேண்டும். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் வீட்டிலிருந்தே கோயிலுக்கு நடந்து போய் வர வேண்டும். மஞ்சள் சேலை, கையில் மஞ்சள் கயிறு. செருப்பில்லாமல் நடப்பேன் என்றபோது மட்டும் நான் விடவில்லை. சுகர் இருக்கிறவள் காலில் முள் குத்தினால் என்ன ஆகும் என்று வகுப்பில் படித்ததை எல்லாம் சொன்னேன். இந்த முறை கத்தவில்லை. கடைசியில் மஞ்சள் சேலைக்குக் கீழே வெள்ளை கேன்வாஸ் ஷூவோடு புறப்பட்டாள். ஷூ போட்டு வேண்டுதலா என்று கேட்டவர்களிடம், "டாக்டரு சொன்னாரு, அம்மனும் ஒத்துக்கிச்சு" என்றாள்.

பைக்குகள் வேகம் குறைந்தன, மஞ்சளைப் பார்த்தன, ஒதுங்கிப் போயின. என்ன வேண்டுதல் என்று கேட்டால், "சொன்னா பலிக்காது" என்று வாயை அடைத்துவிடுவாள். எனக்கும் அதே பதில்தான். வண்டிக்காரர்களை ஏய்க்கிற தந்திரம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஆனால் கருவாட்டுக் குழம்பு இல்லாமல் சோறு இறங்காதவள் நாற்பத்தெட்டு நாளும் கவுச்சியே தொடவில்லை. சரி, நிஜமாகவே ஏதோ வேண்டிக்கொண்டிருக்கிறாள், என் அண்ணன் குடியை விடுவதற்காக இருக்கும் என்று நானாக ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன்.

நாற்பத்தெட்டு முடிந்தது. ஆஸ்பத்திரியில் மாத்திரை இப்போதைக்கு வேண்டாம் என்றார்கள். அண்ணி அப்போதும் நடந்தாள். "நாள் முடிஞ்சிப்போச்சே அண்ணி?" என்றேன். "கேட்டது இன்னும் நடக்கலயே" என்றாள்.

தேர்வன்று செங்கல்பட்டிலிருந்து தேர்வாளராக ஒரு மேடம் ஜிம்முக்கு வந்தார். நோட்டில் முதல் மூன்று வார டிக்குகளை நான் அழிக்கவில்லை. பக்கத்தில் "வண்டியில் வந்தது" என்று எழுதியிருந்தேன். மேடத்தின் கண் அந்தத் தாளிலேயே நின்றது. நடந்ததை எல்லாம் சொன்னேன், நான் கத்தியதையும் சேர்த்து. அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அண்ணி பலகையில் ஏறி இறங்கினாள். முதல் நாளைவிட நாடி பதினெட்டு குறைவு. "எதனால விடாம நடந்தீங்க?" என்று மேடம் கேட்டார். "வேண்டுதல்மா" என்றாள். என்ன வேண்டுதல் என்றதற்கு, "சொன்னா பலிக்காதுமா." மேடம் எதையோ எழுதிக்கொண்டு போய்விட்டார்.

பத்து நாள் கழித்து, சாயங்காலம், சைக்கிள் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தபோது போனில் மெசேஜ் வந்தது. பாஸ். துணியைக் கீழே போட்டுவிட்டு அண்ணிக்குப் போன் அடித்தேன். எடுத்தவள் குரலில் மூச்சு வாங்கியது.

"அண்ணி, பாஸாயிட்டேன். பேட்சு எனக்குத்தான்."

"அதுக்குத்தான பாப்பா... இத்தினி நாளா... நடந்துக்கினு கீறேன்" என்றாள்.

அந்த மெஷின் மேலேயே உட்கார்ந்து அழுதேன். அழுதுகொண்டே, புத்தியைப் பாருங்கள், பயம் வேறு வந்துவிட்டது.

"அப்ப, இனிமே நடக்க மாட்டியா?"

"ஏன், உன் பேட்சுக்கு... ஆளு சேர வேணாமா? இன்னிக்கு... அம்மங்கிட்ட அதயும் சொல்லிட்டு வரேன்."

பேசினாள், ஆனால் பாடச் சொல்லியிருந்தால் முடிந்திருக்காது. போனில் பின்னாலிருந்து ஒரு பைக் வருகிற சத்தம் கேட்டது. நிற்காமல் தாண்டிப் போயிற்று.