ஆலாந்தோட்டத்துப் பையன்

கௌதமன் கோவையில் எம்.பி.ஏ. சேர்ந்தபோது, படித்து முடித்தால் கம்பெனிகள் வாசலில் வந்து நிற்கும் என்றார்கள். அவன் முடித்த தொண்ணூற்றெட்டில் மில்களே ஷிப்டைக் குறைத்துக்கொண்டிருந்தன. கல்லூரிக்கு ஆள் எடுக்க வருவதாகச் சொன்ன கம்பெனிகளில் பாதி வரவே இல்லை. ஏறாத படியெல்லாம் ஏறிவிட்டு, கடைசியில் பெருந்துறையில் பொங்கியண்ணனின் நூல்மில்லுக்குப் போனான்.

பொங்கியண்ணன் சான்றிதழைப் புரட்டக்கூட இல்லை. பட்டம் வாங்கியவன் ஆறு மாதத்தில் வேறு மில்லுக்கு ஓடிவிடுவான், தெரிந்த குடும்பத்துப் பையன் ஓடமாட்டான் என்பது அவர் கணக்கு. முக்கால்வாசி முதலாளிகளின் கணக்கும் அதுதான். அப்புறம் எதற்குத்தான் இந்தப் படிப்போ!

"எந்த ஊரு கண்ணு?"

"சத்தியமங்கலம் பக்கமுங்க. ஆலாந்தோட்டமுங்க."

அவன் பொய் சொல்லவில்லை. அப்பா சுப்பையன் அந்தத் தோட்டத்தில் பண்ணையாள். அங்கிருந்த குடிசையில்தான் அவன் பிறந்தான். எங்கே இருக்கிறாய் என்று யார் கேட்டாலும் தோட்டத்தின் பெயரைச் சொல்லித்தான் அவனுக்குப் பழக்கம். முதலாளிகளுக்கோ தோட்டத்தின் பெயர் என்றால் அதற்குச் சொந்தக்காரக் குடும்பத்தின் பெயர்.

"அட, நம்ம சனமா!" பொங்கியண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. "நாளைக்கே வந்துரு கண்ணு."

தான் அந்தக் குடும்பத்துப் பையன் இல்லை என்று சொல்லக் கௌதமனுக்கு மனம் வரவில்லை. "சரிங்க" என்றான்.

நடந்ததை வீட்டில் சொன்னபோது சுப்பையன், "நீயா ஒண்ணுஞ் சொல்லிப்போடாதே கண்ணு. இத உட்டா வேற வேலைக்கு எங்க போறது?" என்றார்.

கௌதமன் மாடாய் உழைத்தான். திருப்பூரில் அலைந்து நூல் வாங்கப் புதிய பனியன் கம்பெனிகளைப் பிடித்துத் தந்தான். ஒவ்வொரு தடவையும் பொங்கியண்ணன், "தோட்டத்துப் பையனல்லொ!" என்று முதுகில் தட்டுவார். உழைப்பு இவனுடையது, பேர் தோட்டத்துக்கு. கௌதமனுக்கு உள்ளுக்குள் சுருக்கென்று தைக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை பொங்கியண்ணன், "பண்ணாரி கோயலுக்குப் போறேன், நீயும் வா. அப்படியே உங்க ஊட்டுல ஒரு வாய் தண்ணி குடிச்சுப்போட்டு வரலாம்" என்று அவனைக் காரில் ஏற்றிக்கொண்டார். மறுக்க வழியில்லை.

தோட்டத்துக் கேட்டைத் திறக்க ஓடி வந்தவர் சுப்பையன்தான். தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"ஏப்பா, பெரியவரு இருக்காரா?" என்று பொங்கியண்ணன் கேட்டார்.

"மொதலாளி ஈரோட்டுக்குப் போயிருக்காருங்க." சொல்லும்போதே காருக்குள் இருந்த மகனைப் பார்த்துவிட்டார். ஒரு கணம்தான் தடுமாறினார். பிறகு இரண்டு கையையும் கூப்பி, "வாங்க சின்ன மொதலாளி" என்றார்.

பெற்ற மகனைக் கும்பிட்ட அந்தக் கைகளைக் கண்டதும் கௌதமன் காரிலிருந்து இறங்கி ஓடி அவற்றைப் பிடித்துக்கொண்டான். "இவருதானுங்க எங்கப்பா" என்றான்.

பொங்கியண்ணன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தண்ணீர் கேட்கவில்லை. டிரைவரிடம் காரைத் திருப்பச் சொன்னார். கோயிலுக்கு வரும்படி கௌதமனைக் கூப்பிடவும் இல்லை.

"கெடுத்துப்போட்டயே கண்ணு!" சுப்பையன் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"வேலை போனாப் போவுதுங்கப்பா. நீங்க என்னையக் கும்பிட்டு நான் சம்பாரிக்க வேண்டாமுங்க" என்றான் கௌதமன். சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கு அழுகை வந்துவிட்டது.