மலை ஏறாத முதுகுப்பைகள்

இரவல் கொடுப்பதும் ஓர் உத்தியோகம்தான். அதற்குச் சம்பளம் கிடையாது, வசவு மட்டும் தவறாமல் கிடைக்கும். உங்கள் வீட்டுக் குடையோ, இட்லித் தட்டோ, ஏணியோ வெளியே போய்த் திரும்பாமல் நீங்கள் வயிறெரிந்ததுண்டா? அப்படியானால் நீங்கள் என் கட்சி. மேற்கொண்டு படியுங்கள்.

எழுபதுகளின் பின்பாதியில் தில்லியில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் நான் குமாஸ்தா. விடுமுறையில் மலைப்பக்கம் நடைப்பயணம் போகிற ஊழியர்களுக்காக எங்கள் மனமகிழ் மன்றம் சில சாமான்கள் வாங்கி வைத்திருந்தது. பட்டாளத்தில் கழித்துக் கட்டிய சரக்குதான், ஆனால் உருப்படியானவை. முதுகுப்பைகள், ஸ்லீப்பிங் பேக், கம்பளி சுற்றிய தண்ணீர் பாட்டில், நைலான் கயிறு, முழங்கை நீளத்துக்கு ஒரு டார்ச் லைட். எல்லாம் ஓர் இரும்பு அல்மாரியில். சாவி என்னிடம்.

அந்த வருஷம் தசரா லீவுக்கு டைப்பிங் செக்‌ஷன் பெண்கள் நாலு பேர் முதல்முறையாகப் பெயர் கொடுத்தார்கள். முன்னால் நின்றவள் வசந்தா. கரோல் பாகில் பிறந்து வளர்ந்த பெண். டேராடூனுக்கு மேலே உள்ள மலைக் கிராமங்கள் வழியாக நடந்துவிட்டு வர வேண்டும் என்று அவளுக்கு ரொம்ப நாள் ஆசை. சாமான்களெல்லாம் சரியாக இருந்தால்தான் அனுப்புவேன், ஏதாவது ஏடாகூடமானால் இதுவே கடைசி என்று அவள் அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அவளையும் கூட்டிக்கொண்டு பெருமையாகப் போய் அல்மாரியைத் திறந்தேன். உள்ளே ஒரு விசிலும் ஒரு கரப்பான்பூச்சியும் இருந்தன. மற்றதெல்லாம் மலைக்குப் போகிறோம் என்று சொல்லி வாங்கிப் போனவர்கள் வீட்டில். வசந்தா விசிலை எடுத்துத் துடைத்தாள். "சார், பாக்கி எல்லாம் ஜல்தி வந்துடும்ல? அப்பா கேப்பாங்க."

எண்ணெய் மணம்

அக்கவுண்ட்ஸ் சுந்தரம் பெரிய முதுகுப்பையை நைனிடாலுக்கென்று வாங்கியிருந்தார். நைனிடால் இருப்பது வடக்கே. பை போனதோ தெற்கே, ரயிலில், மாயவரத்துக்கு. வரும்போது அதற்குள் ஆவக்காய் ஜாடி, வடாம், ஒரு கல்சட்டி எல்லாம் வந்திருக்கின்றன. வழியில் ஜாடி விரிசல் விட்டுவிட்டது.

நான் பையைப் பிடுங்காத குறையாக வாங்கினேன். அடியில் நல்லெண்ணெய் ஊறிச் சிவந்து கிடந்தது. தோள்பட்டை வார் ஒன்று அறுந்து, சணல் கயிற்றால் முடிச்சுப் போட்டிருந்தது. இதை முதுகில் மாட்டினால் அந்தப் பெண்ணின் உடுப்பு என்னவாகும் என்று கத்தினேன். சுந்தரம் கொஞ்சமும் அசரவில்லை. "ஏன் ஓய் கத்தறேள்? மலையில பசிச்சா மோந்து பாத்துக்கட்டுமே, பாதி வயிறு ரொம்பிடும்."

தூங்குகிறவரை எழுப்பாதே

ஸ்லீப்பிங் பேக் லோதி ரோடு குவார்ட்டர்ஸில் மல்ஹோத்ராவிடம் இருந்தது. எங்கள் செக்‌ஷன் ஆபீசர். போன குளிர்காலத்தில் சிம்லாவுக்கென்று வாங்கியவர். நான் போனபோது வராந்தாக் கட்டிலில் அவர் மைத்துனர் அதை மெத்தையாக விரித்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். குளிர்காலத்தில் உள்ளே புகுந்து படுத்தாராம். ஆள் கனம், ஜிப் பல்லிளித்துவிட்டது. விருந்துக்கு வந்தவர், இன்னும் ஊர் திரும்பவில்லை.

எழுப்புங்கள் என்றேன். மல்ஹோத்ரா வாயில் விரலை வைத்து, என்னைக் கேட் வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்து, இந்தியில் கிசுகிசுத்தார். "பையா, எழுந்தா உடனே பராட்டா கேப்பார். இன்னும் கொஞ்சம் தூங்கட்டும்."

ஒரு சொட்டு சிந்தவில்லை

தண்ணீர் பாட்டிலை டெஸ்பாட்ச் முத்தையா தானாகவே கொண்டுவந்து கொடுத்தார். ஒருத்தராவது மனுஷராக இருக்கிறாரே என்று மூடியைத் திறந்தேன். குப்பென்று மண்ணெண்ணெய் நாற்றம். கியூவில் நின்று வாங்கிய மண்ணெண்ணெயை ஊற்றி வைக்க வீட்டில் வேறு பாத்திரமில்லையாம். சோடா உப்பு போட்டுக் கழுவினேன், புளி போட்டுக் கழுவினேன், வெந்நீரில் ஊறப் போட்டேன். வீட்டில் என் சம்சாரம் என்னையும் சேர்த்துக் கழுவினாள். நாற்றம் போகவே இல்லை.

குடிதண்ணீர் பாட்டிலில் இதை ஊற்ற உமக்கு எப்படி மனசு வந்தது என்று முத்தையாவிடம் கேட்டேன். அவர் என்னவோ நற்சான்றிதழ் கொடுப்பவர் மாதிரி பாட்டிலைத் தட்டிக் காட்டினார். "மூடிய பாருங்க அண்ணாச்சி, என்னமா டைட்டா இருக்கு! ஒரு சொட்டு சிந்தலயே."

காயட்டும்

கயிற்றைத் தேட வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. ஆர்.கே.புரத்தில் ராகவன் வீட்டுப் பின்பக்கம், ஜன்னல் கம்பிக்கும் வேப்பமரத்துக்கும் நடுவில் கட்டியிருந்தது. அதில் அவருடைய வேஷ்டி, பனியன், போர்வை, தலையணை உறை. ராகவன் என் பக்கத்து மேஜைக்காரர், ஆபீசில் தினமும் என் டிபனில் கை வைப்பவர். அன்றைக்கு அவர் வீட்டில் இல்லை. அவர் மனைவிதான் இருந்தார்.

அவிழ்த்துக்கொள்கிறேன் என்று கையை நீட்டினேன். அந்த அம்மாள் திருடனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். "ஈரத் துணி தொங்கறது கண்ணுக்குத் தெரியலையா? காயட்டும், அப்புறமா வாங்கோ." அப்புறமாகவும் போனேன். அப்போது வேறு துணி காய்ந்துகொண்டிருந்தது.

மலை ஓடிவிடாது

டார்ச் எங்கள் டெபுடி செக்ரட்டரியிடம் இருந்தது. மன்றத்துக்குத் தலைவரும் அவரே. மலைக்கென்று வாங்கியது, மின்வெட்டுக்காக அவர் கட்டிலோரம் நின்றுகொண்டிருந்தது. மற்ற சாமான் இல்லாவிட்டால் சிரமம், அவ்வளவுதான். கோணிப்பையைத் தைத்து முதுகுப்பையாக்கலாம், ஜமுக்காளத்தில் சுருண்டு படுக்கலாம், பழைய பாட்டிலில் தண்ணீர் எடுத்துப் போகலாம். அந்தப் பெண்கள் அதற்கெல்லாம் தயாராகிவிட்டார்கள். மலைப்பாதையில் வெளிச்சம் இல்லாவிட்டால் ஆபத்து. அதைச் சொல்லி அவரிடம் கெஞ்சினேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கைகூப்பிக் கெஞ்சினேன்.

அவர் வெற்றிலை மென்றபடி பைலைப் புரட்டினார். "கரண்ட் எப்ப போகும்னு உனக்குத் தெரியுமாய்யா? மலை எங்கயும் ஓடிடாது, அடுத்த வருஷம் போகட்டுமே."

எது உடைந்தது

அவர்கள் போனார்கள். சாமானெல்லாம் கிடைத்துவிட்டது என்று வசந்தா அப்பாவிடம் ஒரு பொய் சொல்லியிருந்தாள். என் வீட்டிலிருந்த குட்டி டார்ச்சைக் கொடுத்தனுப்பினேன். பூட்டின் துவாரம் தேடத்தான் அது லாயக்கு. அடுத்த வருஷம் அப்பா மனசு மாறிவிடும், இப்போதே போய்விடுகிறோம் என்று வசந்தா சொன்னபோது நானும் தடுக்கவில்லை.

கடைசி நாள் இறங்கி வரும்போது மேகம் கவிந்து சீக்கிரமே இருட்டிவிட்டது. குட்டி டார்ச் மங்கி, மஞ்சளாகி, செத்துப் போனது. வசந்தா படி என்று நினைத்துக் கால் வைத்த இடத்தில் படி இல்லை. கணுக்கால் முறிந்தது. நல்லவேளையாக, அல்மாரியில் மிஞ்சியிருந்த அந்த விசில் அவள் கழுத்தில் இருந்தது. அதை ஊதி ஊதித்தான் கீழே கிராமத்திலிருந்து ஆட்கள் லாந்தரோடு வந்து, கட்டிலில் போட்டுத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள்.

அவள் மாவுக்கட்டோடு படுத்திருக்கிறாள் என்பதை டெபுடி செக்ரட்டரியிடம் போய்ச் சொன்னேன். ஒரு வார்த்தை வருத்தப்படுவார் என்று எதிர்பார்த்தேன், மடையன் நான். "பாத்தியா? டார்ச்சையும் குடுத்தனுப்பியிருந்தா அதுவும்ல சேந்து உடைஞ்சிருக்கும்!"

சாவி

"உங்க வீட்ல இருட்டானா மெழுகுவத்தி இருக்கு சார், அவளுக்கு அங்கே என்ன இருந்தது?" என்று கேட்டுவிட்டு, சாவியை அவர் மேஜைமேல் வீசினேன். அடுத்த மன்றக் கூட்டத்தில் சாவியை எடுத்துக்கொள்ள யாரும் வரவில்லை. சம்பளமில்லாத வேலைக்குப் போட்டி ஏது? கடைசி வரிசையில் ஓர் ஊன்றுகோல் உயர்ந்தது. வசந்தா. அப்பா இனிமேல் கூடாது என்று சொல்லிவிட்டாராம். சாமானெல்லாம் தன் பொறுப்பிலேயே இருந்தால் சம்மதிப்பாரா என்று இவள் அவரை மடக்கியிருக்கிறாள்.

ஊன்றுகோலோடு வீடு வீடாகப் போனாள். ராகவன் வீட்டில் துணி காயும்வரை மரத்தடியிலேயே உட்கார்ந்திருந்து, கடைசிப் பனியன் உலர்ந்ததும் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு வந்தாள். மல்ஹோத்ராவின் மைத்துனரைத் தானே எழுப்பினாள். டார்ச் மட்டும் வரவில்லை. அது வேண்டும் என்று அவள் கேட்கவும் இல்லை. அடுத்த தசராவுக்குக் கொஞ்ச நாள் முன்பு டெபுடி செக்ரட்டரியே அல்மாரிக்கு வந்தார். பெண்ணைச் சென்னையில் கல்லூரியில் சேர்த்திருந்தாராம், ஊருக்குக் கொண்டுபோக ஒரு முதுகுப்பை வேண்டுமாம். வாரெல்லாம் புதிதாகத் தைத்த பைகள் உள்ளே வரிசையாகத் தொங்கின. வசந்தா மரியாதையாக எழுந்து நின்றாள், அல்மாரிக் கதவை ஒரு கையால் சாத்திக்கொண்டே கேட்டாள். "எந்த மலைக்கு சார்? மொதல்ல டார்ச்சைக் குடுத்துட்டு சொல்லுங்க."

இரவல் கொடுக்கிற இடத்தில் கேட்க வேண்டிய இந்த ஒரே கேள்வியை எங்கள் அலுவலகம் கற்றுக்கொள்ள ஒரு பெண்ணின் கால் முறிய வேண்டியிருந்ததே என்று நினைத்தால், எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.