ஹார்ட் டிஸ்க்கில் போன முகங்கள்

உளுந்தூர்பேட்டையில் பேனர் டிசைன் போடும் கடை வைத்திருக்கிறேன். காதுகுத்து, திருவிழா, கண்ணீர் அஞ்சலி என்று சுற்றுவட்டார முகங்கள் எல்லாம் என் ஹார்ட் டிஸ்க்கில்தான் கிடந்தன. ஆடி மாதம் வேலை கழுத்தை நெரித்த ஒரு நாள், அதில் ஃபைல்கள் காப்பி ஆகிக்கொண்டிருக்கும்போதே வயரைப் பிடுங்கிவிட்டேன். பத்திரமாக எடு என்று கம்ப்யூட்டர் சொல்லத்தான் சொல்கிறது. யார் கேட்டது? பொறுமை என்பது என் ஜாதகத்திலேயே கிடையாது.

மறுபடி சொருகினால் உள்ளே ஒன்றையும் காணோம். ஃபார்மட் பண்ணட்டுமா என்று கேட்கிறது! கள்ளக்குறிச்சியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவருக்குப் போன் போட்டேன்.

"எதையும் அமுக்காதீங்க. உள்ள இருக்கிறது அங்கயேதான் இருக்கும். எது எங்க இருக்குதுன்னு சொல்ற பட்டியல்தான் கெட்டுப்போச்சு. கொண்டாங்க, வேற டிஸ்க்ல எடுத்துப் பாக்கலாம்" என்றார்.

போகிறேன் போகிறேன் என்று நாலு மாதம் மேசை டிராயரிலேயே போட்டு வைத்திருந்தேன். அவ்வளவு சோம்பேறித்தனம்.

அப்போதுதான் களமருதூரிலிருந்து ஒரு அம்மா வந்தார். நடவு, களையெடுப்பு என்று கூலிக்குப் போகிறவர். வீட்டுக்காரர் இறந்துவிட்டார்.

"நாளன்னிக்கி கருமாதிங்க. மாலை போட ஒரு போட்டோ இல்ல. போன வருஷம் திருவிழா பேனர்ல அவர போட்டீங்களே, அத குடுங்க."

"அந்த பேனர் இன்னா ஆச்சு?"

"ஆட்டுக் கொட்டாய் மேல கட்டினோம். வெயில்ல மூஞ்சியெல்லாம் வெளுத்துப்போச்சு."

"ஆதார் கார்டு?"

"அதுல இருக்கிறது அவரே இல்லீங்க."

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். போட்டோ எடுத்த பக்கத்து வீட்டுக்காரரின் போன் கிணற்றில் விழுந்துவிட்டதாம். ஆக, அந்த மனுஷன் முகம் என் டிராயரில் மட்டும்தான். நாளைக்குக் காலையில் வாங்க என்று அனுப்பிவிட்டு உடனே டிஸ்க்கோடு கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏறினேன். எலவனாசூர்கோட்டை தாண்டியும் பையை மடியிலிருந்து இறக்கவில்லை.

சாயங்காலத்துக்குள் டிஸ்க்கில் இருந்ததெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மீண்டு வந்தது. ஆனால் ஒரு ஃபைலுக்கும் பெயர் இல்லை, வெறும் நம்பர். நான் டிசைன் செய்து வைத்தவை திறக்கவே மாட்டேன் என்றன. ஆட்கள் அனுப்பிய ஒரிஜினல் போட்டோக்கள் மட்டும் பிழைத்திருந்தன.

எனக்கோ இறந்தவர் முகம் ஞாபகமில்லை. பேனரின் கீழ் வரிசையில் இருபது பேர் என்றால் இருபது பேருக்கும் ஒரே வெள்ளைச் சட்டை உடம்பைத்தான் மாட்டுவேன், தலை மட்டும் அவரவருடையது. காலையில் அந்த அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொன்றாகத் தள்ளினேன்.

அடேயப்பா! மொபெட்டில் கரும்புக்கட்டோடு ஒருவர். பந்தியில் வாய் நிறையச் சோற்றோடு ஒருவர். ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர். கழுத்துக்குக் கீழே இவர்களிடம் இவ்வளவு இருந்ததா? அத்தனையையும் வெட்டி எறிந்தவளே நான்தான், ஒருநாளாவது நின்று பார்த்தேனா? இப்போது அடுத்தது என்ன, அடுத்தது என்ன என்று கை பரபரத்தது.

"இவரு எங்க ஊரு பூசாரி! லுங்கியோட நின்னுகினு இருக்காரு பாருங்க. பேனர்ல மந்திரி கணக்கா இருந்தாரே" என்று அந்த அம்மாவும் அழுத முகத்தோடு சிரித்தார்.

ஒரு போட்டோவில் "நிறுத்துங்க" என்றார்.

மோட்டார் கொட்டகை முன்னால் நீலக் கட்டம் போட்ட சட்டையில் ஒருவர், மேல் பித்தான் இல்லை. பக்கத்தில் முழங்கால் வரை சேற்றோடு இந்த அம்மா. அவர் கை இவர் தோள்மேல்.

"நாங்க சேந்து எடுத்தது இது ஒண்ணுதாங்க. பேனர்ல தேடித் தேடிப் பாத்தேன், என்னக் காணோம்."

"நான்தாம்மா வெட்டினேன்." எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவசரமாக, "அவர தனியா எடுத்து, நல்ல வெள்ளைச் சட்டை போட்டு..." என்று ஆரம்பித்தேன்.

"அவரு வெள்ளைச் சட்டை போட்டதே இல்லீங்க. இதே இருக்கட்டும்."

"அப்படின்னா உங்கள வெட்டி எடுத்தா, உங்க தோள்மேல இருக்கிற அவரு கையும் போயிடும்மா. மாலை போடற படத்துல உசுரோட இருக்கிறவங்க இருக்கக்கூடாதுன்னு வேற சொல்லுவாங்க."

அந்த அம்மா திரையில் அந்தக் கையைத் தொட்டுக் காட்டினார்.

"கைய எடுக்காதீங்க. அப்படியே பெரிசா போட்டுக் குடுங்க. மாலைய அவரு பக்கம் மட்டும் போட்டுக்கறேன்."